விதிகளை எழுதிய வால்டர் கேம்ப்

அமெரிக்கக் கால்பந்தை முதன்முறை பார்க்கும் நம்மவர்க்கு எழும் கேள்வி ஒன்றுதான். இந்த ஆட்டம் ஏன் இப்படி நின்று நின்று நடக்கிறது? சில நொடிகள் மோதல். பிறகு எல்லோரும் எழுந்து மீண்டும் வரிசை கட்டுகிறார்கள். நடுவர் மஞ்சள் துணியொன்றை வீசுகிறார். பந்து சில கெஜங்கள் பின்னே கொண்டுபோகப்படுகிறது. தடித்த விதிப் புத்தகத்தைப் புரட்டுவதைவிட, அவ்விதிகளுக்கு அடித்தளமிட்ட ஒருவரின் வாழ்க்கையைப் படிப்பதே இதைப் புரிந்துகொள்ள எளிய வழி என்பது என் கருத்து. அவர் வால்டர் கேம்ப்.

1859 ஏப்ரல் 7 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டனில் பிறந்தவர் கேம்ப். 1876-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கேயே மருத்துவமும் பயிலத் தொடங்கினார். ஆனால், அதை முடிக்கவில்லை. பின்னர் கடிகாரத் தொழிலில் நுழைந்து, நியூ ஹேவன் கடிகார நிறுவனத்தின் தலைவராகவே உயர்ந்தார். பிழைப்புக்குக் காலத்தை அளந்த அவர், ஆட்டக்களத்தில் நிலத்தை அளந்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவர் மாணவராக ஆடிய நாளில், அது ஏறத்தாழ இங்கிலாந்தின் ரக்பி ஆட்டமே. இரு அணியினரும் கூட்டமாக முட்டித் தள்ள, அதிலிருந்து பந்து எவர் பக்கம் வெளிப்படும் என்பது தற்செயல். 1880-இல் கேம்ப் முன்வைத்த மாற்றம் இதை அடியோடு மாற்றியது. பந்து ஓர் அணிக்கே உரியது. இரு அணிகளும் ஒரு கற்பனைக் கோட்டின் இருபுறமும் நிற்க வேண்டும். பந்தைப் பின்னே தள்ளிய பிறகே ஆட்டம் தொடங்கும் என்றாயிற்று. அணிக்கு 15 பேர் என்பது 11 ஆகக் குறைந்ததும் அப்போதுதான். பந்து நகருமுன் கோட்டைத் தாண்டுவது இன்று குற்றமாவதன் வேர் இதுவே.

ஆனால், புதிய விதி புதிய தந்திரத்தை ஈன்றது. பந்து தன்னிடம் இருக்கும்வரை தோல்வியில்லை என்று கண்ட அணிகள், அதை விடாமல் வைத்துக்கொண்டன. 1881-இல் பிரின்ஸ்டனும் யேலும் மோதியபோது முதற்பாதி முழுவதும் ஓர் அணியும், மறுபாதி முழுவதும் மற்றோர் அணியும் பந்தைக் கைவிடவேயில்லை. புள்ளி ஏதுமின்றி ஆட்டம் முடிந்தது. எவரும் விதியை மீறவில்லை. ஆனால், ஆட்டம் செத்துப்போனது.

1882-இல் இதற்கு மருந்து வந்தது. மூன்று முயற்சிகளுக்குள் 5 கெஜம் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்தை எதிரணிக்குத் தர வேண்டும். முன்னேற்றத்தை அளப்பதற்காகக் களமெங்கும் 5 கெஜத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு வரையப்பட்டது. இன்று நான்கு முயற்சிகள், 10 கெஜம். இந்த ஒரு விதி புரிந்தால் தண்டனைகள் யாவும் விளங்கிவிடும். நிலமே இவ்வாட்டத்தின் நாணயம். எனவே அபராதமும் நிலமாகவே வசூலிக்கப்படுகிறது. முந்திக் கோடு தாண்டினால் 5 கெஜம். தாக்கும் அணியினர் எதிராளியைப் பிடித்து நிறுத்தினால் 10. உடலுக்கு ஆபத்து விளைவித்தால் 15.

1888 முதல் 1892 வரை யேல் அணிக்குக் கேம்ப் பயிற்சியாளராக இருந்தார். அந்த ஐந்தாண்டுகளில் யேல் தோற்ற ஆட்டங்கள் இரண்டே. பகலில் அவர் அலுவலகத்தில் இருக்க, மனைவி ஆலிஸ் பயிற்சிக் களத்துக்குச் சென்று, கண்டவற்றை மாலையில் அவரிடம் விவரிப்பார்.

அவர் வாழ்க்கையின் இருண்ட பக்கமும் இக்காலத்தில்தான் தொடங்குகிறது. 1888-இல் இடுப்புக்குக் கீழே பிடித்து வீழ்த்தவும் அனுமதி கிடைத்தது. தனித்து ஓடுவது கடினமாகவே, அணிகள் நெருங்கித் திரண்டு எதிரணியின் ஒருவரைக் குறிவைத்து மோதலாயின. எலும்புகள் முறிந்தன, உயிர்களும் போயின. எதிர்ப்பு வலுத்தபோது முன்னாள் ஆட்டக்காரர்களிடமும் கல்வியாளர்களிடமும் கருத்துத் திரட்டி, 1894-இல் கேம்ப் ஒரு நூல் வெளியிட்டார். ஆட்டம் நன்மையே செய்கிறது என்ற தோற்றத்தை அது தந்தது. பாதகமான மறுமொழிகள் சில விடுபட்டதை, அவருடைய தாள்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் சுட்டிக்காட்டினர்.

1905 அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார், கேம்பும் சென்றார். விதிகளை மனமாரக் கடைப்பிடிப்போம் என்று வாக்களித்துத் திரும்பினர். ஆயினும் அந்தப் பருவத்தில் மாண்ட இளைஞர்கள் 18 பேருக்குக் குறையாது என நாளிதழ்கள் கணக்கிட்டன. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வேந்தர் மெக்ராக்கன் கல்லூரிகளின் மாநாட்டைக் கூட்டினார். அதில் உருவான சங்கமே பின்னாளில் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் பெற்றது.

பழைய விதிக்குழுவும் புதிய குழுவும் இணைந்து 1906-இல் ஆட்டத்தைத் திருத்தின. 5 கெஜம் 10 ஆனது. இரு வரிசைகளுக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு இடைவெளி கட்டாயமானது. பந்தை முன்னோக்கி எறியவும் அனுமதி கிடைத்தது. 10 கெஜ விதி கேம்ப் வலியுறுத்தியது. முன்னோக்கி எறிவதில் அவருக்கு ஆர்வம் இருக்கவில்லை. இன்று உலகம் இந்த ஆட்டத்தை அடையாளம் காண்பதே அந்த எறிதலால்தான். விதிக்குழுவில் அவர் பிடி தளர்ந்தாலும், அவர் விலகவில்லை. 1925 மார்ச்சில் குழுக் கூட்டத்துக்காக நியூயார்க் சென்றவர், விடுதி அறையில் உறக்கத்திலேயே காலமானார்.

இவ்வாழ்க்கையில் நான் மதிப்பது ஒன்று, அஞ்சுவது ஒன்று. விதியை எழுதிவிட்டால் மனிதர்கள் அதன் சந்துகளைத் தேடுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். அதற்காக அவர்களைச் சபிக்காமல் விதியைத் திருத்தினார். அது உயர்ந்த பண்பு. ஆனால், திருத்தத்தைக் கோரும் சான்று தன் ஆட்டத்துக்கே எதிராக வந்தபோது, அதை முழுமையாக முன்வைக்க அவர் தயங்கினார். அத்தயக்கத்தின் விலையைச் செலுத்தியவர்கள் களத்தில் இருந்த இளைஞர்கள். தலைக்காயங்கள் குறித்து அந்த ஆட்டம் இன்று எதிர்கொள்ளும் கேள்வியும் இதுவே. சட்டமியற்றும் இடத்தில் அமர்ந்துள்ள எவரும், தமக்கு உவப்பில்லாத மறுமொழிகளையும் சேர்த்தே பதிப்பிக்கக் கடமைப்பட்டவர்கள்.