பார்பியின் அம்மா: கம்பெனிப் பெயரில் இல்லாத ரூத் ஹேண்ட்லர், சினிமாவில் திரும்பி வந்த கதை!

வைகாசி மாசம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயிருக்கீங்களா? கூட்டத்துல நசுங்கி அம்மனைத் தரிசிச்சுட்டு, திரும்புற வழியில பொம்மைக் கடைப் பக்கம் ஒதுங்கியிருப்பீங்க. பிளாஸ்டிக் கவருக்குள்ள மஞ்சள் முடி, பிங்க் கவுனோட ஒரு பொம்மை தொங்கும். எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு கடைக்காரருக்கே தெரியாது. ஆனா, அதைக் கேட்டு அழுற பாப்பாவுக்குப் பெயர் மட்டும் கரெக்டா தெரியும். பார்பி!

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நிஜப் பெண்மணி இருந்தார். 2023-ல் வந்த 'பார்பி' படத்தில், சமையலறை மேஜையில் உட்கார்ந்து பார்பிக்கு டீ கொடுக்கும் ஒரு வயதான அம்மா ஞாபகம் இருக்கா? ரியா பெர்ல்மன் நடித்த அந்தக் கேரக்டர்தான் ரூத் ஹேண்ட்லர். பொம்மைக் கம்பெனியைக் கட்டி எழுப்பியவர், அதே கம்பெனியிலிருந்து வெளியேற நேர்ந்தவர், கடைசியில் அந்தக் கம்பெனியின் படத்திலேயே கதாபாத்திரமாகத் திரும்பி வந்தவர்.

ஆரம்பமே சினிமா கம்பெனி!

1916 நவம்பர் 4, அமெரிக்காவின் டென்வர் நகரம். போலந்திலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி ரூத். கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, அக்காதான் தூக்கி வளர்த்தார். அக்காவின் மருந்துக்கடையில் வேலை பார்த்தே வளர்ந்த பெண்ணுக்கு வியாபாரம் கைவந்த கலையானதில் ஆச்சர்யமே இல்லை.

இளம் வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் போனவருக்குக் கிடைத்தது, பாரமவுன்ட் சினிமா ஸ்டூடியோவில் அலுவலக வேலை. 1938-ல் காதலித்த எலியட் ஹேண்ட்லரையே கல்யாணம் செய்தார். எலியட்டுக்கு டிசைன் வரும்; ஆனா, ஆள் கூச்ச சுபாவம். அவர் செய்த பொருட்களை எடுத்துக்கொண்டு போய் விற்றது ரூத்.

1945-ல் நண்பர் ஹெரால்டு மேட்ஸனோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார்கள். 'மேட்' என்ற மேட்ஸனும் எலியட்டின் 'எல்'லும் சேர்ந்து 'மேட்டல்' ஆனது. ஆர்டர் பிடித்து, கணக்குப் பார்த்து, கடை கடையாக ஏறி இறங்கிய ரூத்தின் பெயரில் ஓர் எழுத்துகூட அதில் இல்லை!

முதலில் போட்டோ ஃப்ரேம். அதில் மிஞ்சிய துண்டுகளில் பொம்மை வீட்டுக்கான குட்டி மேஜை, நாற்காலி. பிறகு முழுநேரமும் பொம்மைதான்.

மொத்தச் சொத்தையும் டி.வி-யில் போட்டார்!

1955-ல் டிஸ்னியின் 'மிக்கி மவுஸ் கிளப்' நிகழ்ச்சி டி.வி-க்கு வந்தது. ஒரு வருடம் முழுக்க விளம்பரம் செய்ய 5 லட்சம் டாலர். கம்பெனியின் மொத்த மதிப்பே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தக் காலத்துல பொம்மை விளம்பரம்னா கிறிஸ்துமஸ் சீசனோடு சரி. ரூத்தும் எலியட்டும் துணிஞ்சு இறங்கிட்டாங்க. பெற்றோரைத் தாண்டி, நேராகக் குழந்தைகளிடம் பேசும் பொம்மை விளம்பரம் அங்கிருந்துதான் சூடுபிடித்தது. இன்னிக்கு யூடியூப்ல கார்ட்டூனுக்கு நடுவுல வர்ற பொம்மை விளம்பரத்துக்கு இதுதான் பாட்டி!

அடுத்து வந்ததுதான் பார்பி. மகள் பார்பரா, குழந்தைப் பொம்மைகளை ஓரங்கட்டிவிட்டுக் காகிதத்தில் வெட்டிய பெரிய பெண் பொம்மைகளோடு விளையாடுவதை ரூத் கவனித்திருந்தார். அப்போ கடையில் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் கைக்குழந்தைப் பொம்மைகள். அதை வைத்து 'அம்மா' விளையாட்டுதான் விளையாட முடியும். பெரியவளாகி என்னவாகப் போகிறோம் என்று கற்பனை செய்ய ஒரு பொம்மை வேண்டும் என நினைத்தார். கம்பெனி ஆண்கள் அதை ஏற்கவில்லை. மார்பகம் வைத்த பொம்மையை எந்த அம்மா வாங்கித் தருவாங்கன்னு தயங்கினாங்க.

1956-ல் சுவிட்சர்லாந்து டூரில் அவர் கண்ணில் பட்டது 'லில்லி' பொம்மை. ஜெர்மன் நாளிதழ் ஒன்றின் கார்ட்டூன் பெண், பொம்மையாக மாறியிருந்தாள். வாங்கி வந்து, அதை மாதிரியாக வைத்தே பார்பியை உருவாக்கினார். இதுல ரூத்துக்கு முழு கிரெடிட் தர முடியாது. விஷயம் வழக்கு வரை போய், 1964-ல் லில்லியின் உரிமையை மேட்டல் விலைக்கு வாங்கியது.

1959 மார்ச் 9, நியூயார்க் பொம்மைக் கண்காட்சி. பார்பியின் விலை 3 டாலர். மொத்த வியாபாரிகள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால், முதல் வருடமே 3 லட்சத்துக்கும் மேல் விற்றுத் தீர்ந்தது. அந்தக் குட்டிக் குட்டி உடைகளைத் தைத்தது, ஜப்பானில் வீட்டிலிருந்தே வேலை செய்த பெண்கள். வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றும், தீப்பெட்டி ஒட்டும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த குடியாத்தத்துக்காரங்களுக்கு இந்தக் காட்சி புதுசா என்ன?

1961-ல் மகன் கென்னத்தின் பெயரில் 'கென்' வந்தான். பொம்மைகளுக்குப் பிள்ளைகள் பெயர், கம்பெனிக்குக் கணவர் பெயர். ரூத்துக்கு 1967-ல் மேட்டலின் தலைவர் நாற்காலி கிடைத்தது.

ஆஸ்கர் வரை போன பொம்மைக் கம்பெனி

இங்கேதான் பலருக்கும் தெரியாத சினிமா கதை வருது. 1969-ல் மேட்டலின் 'ஹாட் வீல்ஸ்' கார்களை வைத்து ஒரு டி.வி கார்ட்டூன் வந்தது. அது நிகழ்ச்சியே இல்லை, அரை மணி நேர விளம்பரம் என்று போட்டிக் கம்பெனி புகார் கொடுத்தது. ஒளிபரப்பு ஆணையமும் அந்தப் புகாரின் பக்கமே சாய்ந்தது.

அதே மேட்டல், தயாரிப்பாளர் ராபர்ட் ராட்னிட்ஸோடு கைகோத்து 1972-ல் 'சவுண்டர்' என்ற படத்தைத் தயாரித்தது. வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கின் நாவலைத் தழுவியது. பசிக்காக உணவைத் திருடியதால் அப்பா சிறைக்குப் போக, ஏழைக் கறுப்பினக் குடும்பம் படும் பாடுதான் கதை. அதில் விற்பதற்கு ஒரு பொம்மைகூட இல்லை! ஆனால், சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள். 1974-ல் 'வேர் தி லில்லீஸ் ப்ளூம்' என்று இன்னொரு நாவலும் இதே கூட்டணியில் படமானது.

எல்லாம் சரிந்தது

இதற்கிடையே 1970-ல் ரூத்துக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் ஒரு மார்பகத்தை அகற்றினார்கள். பார்பிக்கு எந்த உடல் வேண்டும் என்று கம்பெனி ஆண்களோடு மல்லுக்கட்டியவர், இப்போ தன் உடலையே கண்ணாடியில் பார்க்கத் தயங்கும் நிலை.

அடுத்த அடி, கணக்கில். லாபத்தைக் கூட்டிக் காட்டி முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக விசாரணை வந்தது. 1975-க்குள் ரூத்தும் எலியட்டும் மேட்டலை விட்டே வெளியேறிவிட்டார்கள். 1978-ல் ரூத் மீது குற்றச்சாட்டு பதிவானது. அவர் அதை எதிர்த்து வழக்காடவில்லை. 57,000 டாலர் அபராதம், 2,500 மணி நேர சமூக சேவை எனத் தண்டனை கிடைத்தது. இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. தப்பு தப்புதான்.

சரி, அதோட கதை முடிஞ்சிடுச்சா? இல்லீங்க. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கடைகளில் தனக்குப் பொருந்தும் செயற்கை மார்பகம் தேடி ரூத் நொந்துபோயிருந்தார். இடது, வலது வித்தியாசம்கூட இல்லாத உருண்டைகள்தான் கிடைத்தன. செருப்புக்கே இடது, வலது உண்டே! ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் அளவோட அருமையைச் சொல்லுவாங்க. ரூத் தானே ஒரு நிபுணரோடு சேர்ந்து, 'நியர்லி மீ' என்ற பெயரில் செயற்கை மார்பகங்களைத் தயாரித்தார். ஊர் ஊராகப் போய், பெண்களுக்குத் தன் கையாலேயே அளவு பார்த்துக் கொடுத்தார். முன்னாள் அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டும் அவர்களில் ஒருவர்.

திரும்பி வந்த பெயர்

2001-ல் 'நட்கிராக்கர்' கதையைத் தழுவி பார்பியின் அனிமேஷன் படம் வந்தது. அடுத்த சில மாதங்களில், 2002 ஏப்ரல் 27 அன்று, 85 வயதில் ரூத் காலமானார். 140 கோடி டாலருக்கு மேல் வசூலித்த 2023 பார்பி படத்தைப் பார்க்க அவர் இல்லை. ஆனால், படத்துக்குள் இருந்தார். புற்றுநோயையும், கணக்குவழக்கில் மாட்டியதையும்கூடப் படம் மறைக்கவில்லை. தண்டனை பெற்ற முன்னாள் தலைவரைத் தன் படத்திலேயே காட்ட மேட்டலும் சம்மதித்தது.

நம்ம பக்கத்திலும் இப்படி நிறைய பேர் இருக்காங்க. ஆம்பூரில் தைத்த ஷூவுக்குள்ளே ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயர் இருக்கும். தைத்த அக்காவின் பெயர் இருக்காது. ரூத்தாவது முதலாளி. அவர் பெயர் மக்களிடம் வந்து சேரவே இத்தனை வருஷமும் ஒரு சினிமாவும் தேவைப்பட்டுச்சு.

அடுத்த சிரசுத் திருவிழாவில் அந்தப் பிங்க் கவுன் பொம்மையைப் பார்த்தா, பக்கத்துல நிக்கிற பாப்பாகிட்ட ரூத் பாட்டியைப் பத்தி ரெண்டு வரி சொல்லுங்க. கூடவே, கவுனைத் தைச்ச கைகளைப் பத்தியும்!