துன்பம் கண்டவரே துணையானார்

மனநோயாளிகளுக்காகக் குரல் கொடுத்த பெருமகன் கிளிஃபர்டு பியர்ஸ். அவர் 1876-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவரை 1900-இல் மனநோய் பற்றியது. மூன்று ஆண்டுகள் மருத்துவமனைகளில் அடைபட்டிருந்தார். அங்கே பணியாளர்கள் அவரை அடித்தார்கள். கைகளை அசைக்க முடியாதபடி இறுக்கச் சட்டை பூட்டினார்கள். குளிர் அறையில் வாட விட்டார்கள். எதிர்த்துப் பேசத் தெரியாத மற்ற நோயாளிகளும் வதைபடுவதைக் கண்டு அவர் உள்ளம் கொதித்தது. உள்ளிருந்தபடியே மாநில ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்.

குணமடைந்தபின் நல்ல வேலை கிடைத்தது. நடந்ததை மறைத்து வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவரோ தம் கதையைத் தம் பெயரிலேயே 1908-இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்திலும், 1909-இல் நாடு முழுமைக்கும் மனநலச் சங்கங்களை நிறுவினார். 1930-இல் வாஷிங்டனில் உலக மாநாடு கூடியது. முதுமையில் நோய் திரும்பியபோது தாமே மருத்துவமனை சென்றார். 1943-இல் அங்கேயே காலமானார்.

நம் வகுப்பிலும் வேறு விதமாகக் கற்கும், பழகும் தோழியர் இருக்கலாம். அவர்களைப் பற்றிப் பேசுவதை விடுத்து, அவர்கள் பேசுவதைக் கேட்போமா, தோழியரே?