தொடாமலே பாடும் கருவி: லியோன் தெரமின் வாழ்க்கை

வீணையின் நரம்பை மீட்ட வேண்டும். புல்லாங்குழலை ஊத வேண்டும். எதையும் தொடாமல், காற்றில் கையை அசைத்தே வாசிக்கும் கருவியை 1920-இல் உருவாக்கினார் ரஷ்யாவின் லியோன் தெரமின்.

1896-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்த தெரமின், இளமையிலேயே செல்லோ வாசிக்கக் கற்றவர், இயற்பியலும் பயின்றவர். வாயுக்களின் மின்தன்மையை அளக்கும் கருவி ஒன்றை ஆய்வுக்கூடத்தில் அமைத்தபோது, கை நெருங்க நெருங்க அதன் ஒலி மாறுவதைக் கவனித்தார். மற்றொருவர் இதைக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். செல்லோ பழகிய காது அதில் சுரத்தைக் கேட்டது.

கருவிக்குள் இரண்டு மின்சுற்றுகள் உண்டு. இரண்டின் அதிர்வும் மனிதக் காதுக்கு எட்டாதவை. ஆனால் அவற்றுக்கு இடையிலான வேறுபாடு காதுக்குக் கேட்கும் ஒலியாகிறது. ஒரு கை சுரத்தை ஏற்றி இறக்கும். மறு கை ஒலியைக் கூட்டிக் குறைக்கும்.

1922-இல் லெனின் முன்னிலையில் இதனை வாசித்துக் காட்டினார். 1927-இன் இறுதியில் அமெரிக்கா சென்றார். மறு ஆண்டே காப்புரிமை கிடைத்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் கருவியைத் தயாரித்து விற்றது. ஆனால் வாசிப்பது கடினம் என்பதால் விற்பனை சூடுபிடிக்கவில்லை. வயலின் பயின்ற கிளாரா ராக்மோர்தான் அதன் தலைசிறந்த கலைஞராக உயர்ந்தார்.

நியூயார்க்கில் லவீனியா வில்லியம்ஸ் எனும் கறுப்பின நடனமணியைத் தெரமின் மணந்தார். 1938-இல் மனைவியை விட்டுத் தாயகம் திரும்பினார். அதன் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை.

திரும்பிய மறு ஆண்டே கைது செய்யப்பட்டு, கொலிமா உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். பிறகு கைதி விஞ்ஞானிகள் பணியாற்றிய ஆய்வுக்கூடத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே மின்கலமே இல்லாத ஒட்டுக்கேட்புக் கருவியை உருவாக்கினார். 1945-இல் அமெரிக்கத் தூதருக்குப் பரிசாகத் தரப்பட்ட மரச் சின்னத்துக்குள் மறைந்திருந்த அது, 1952-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இசைக்காகப் பிறந்த அறிவு உளவுக்குப் பயன்பட்டது.

பின்னாளில் மாஸ்கோ இசைக் கல்லூரியில் பணியாற்றினார். அவர் உயிருடன் இருப்பதை 1967-இல் அமெரிக்க நாளேடு ஒன்று வெளியிட்டதும் அந்த வேலையும் பறிபோனது. அவர் செய்த கருவிகளும் அழிக்கப்பட்டன.

1991-இல், 95 வயதில், மீண்டும் அமெரிக்கா சென்று கிளாராவைச் சந்தித்தார். 1993 நவம்பரில் மாஸ்கோவில் காலமானார்.

இளவயதில் தெரமின் கருவிகளைச் செய்து விற்ற ராபர்ட் மூக், பின்னர் சிந்தசைசரை உருவாக்கிப் புகழ்பெற்றார். இன்று கீபோர்டில் எழும் இசைக்குப் பின்னால், அன்று ஆய்வுக்கூடத்தில் காற்றில் அசைந்த அந்தக் கையும் உண்டு.