மூன்று சகோதரிகளைத் திரைக்குத் தந்தவர்

இந்தோனேஷியத் திரைப்படங்களை இன்று உலகின் பல நாடுகளில் பார்க்கிறார்கள். பாடசாலை மாணவி ஒருத்தி தன்னைத் தேடிவரும் திருமணப் பேச்சுகளுக்கு முன் தடுமாறி நிற்கும் கதையான ‘யூனி’, 2021இல் டொரொன்டோ விழாவில் பரிசு பெற்றது. இந்தப் பாதையின் தொடக்கத்தில் நின்றவர் ஹாஜி உஸ்மார் இஸ்மாயில்.

மேற்குச் சுமாத்திராவின் புக்கித்திங்கி நகரில் 1921 மார்ச் 20ஆம் திகதி அவர் பிறந்தார். வீடும் நிலமும் தாய்வழியாக மகள்மாருக்குச் சேரும் மினங்கபாவு முஸ்லிம் சமூகம் அது. யப்பானியர் ஆட்சிக் காலத்தில் மூத்த சகோதரர் அபு ஹனிஃபாவுடனும் நண்பர்களுடனும் சேர்ந்து ‘மாயா’ என்ற நாடகக் குழுவை அமைத்தார். சுதந்திரப் போராட்டத்தில் இராணுவத்தில் மேஜரானார்; பத்திரிகையும் நடத்தினார். செய்தி சேகரிக்க ஜகார்த்தா சென்ற அவரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர்.

விடுதலையான பின் ஒல்லாந்தரின் நிறுவனமொன்றுக்கு இரண்டு படங்கள் இயக்கினார். ஆனால் அவை தம் மனம் விரும்பிய படங்கள் அல்ல என்றே கருதினார். எனவே 1950இல் ‘பெர்ஃபினி’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். மார்ச் 30ஆம் திகதி ‘இரத்தமும் பிரார்த்தனையும்’ என்ற படத்தின் படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. கையில் பணம் போதாது. நடிகர்களோ பெரும்பாலும் புதுமுகங்கள். போர்வீரனை அச்சமும் தயக்கமும் உள்ள மனிதனாகக் காட்டியதால் இராணுவத்தினர் சிலருக்குக் கோபமும் வந்தது. அந்த மார்ச் 30தான் இன்று இந்தோனேஷியாவின் தேசியத் திரைப்பட தினம்.

பின்னர் அமெரிக்கா சென்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்று திரும்பினார். 1954இல் வந்த ‘ஊரடங்குக்குப் பின்’ சிறந்த படமாகப் பாராட்டப்பட்டது. பாராட்டு வந்தாலும் கடன் தீரவில்லை. இந்தியப் படங்களும் அமெரிக்கப் படங்களும் திரையரங்குகளை நிறைத்திருந்த காலம் அது. நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் மக்கள் விரும்பும் பாட்டும் சிரிப்புமான படம் ஒன்றை எடுத்தாக வேண்டும். அவருக்கு அதில் மனமில்லை. கொண்ட கொள்கையை விட்டு இறங்குவதாகவே அவருக்குத் தோன்றியது.

அவ்வாறு வந்ததுதான் 1956இன் ‘தீகா தாரா’, அதாவது மூன்று கன்னியர். தாயை இழந்த மூன்று சகோதரிகளை உம்மம்மா வளர்க்கிறார். மூத்தவள் நுனுங்குக்கு வயது முப்பதை நெருங்குகிறது. மாப்பிள்ளை தேடி உம்மம்மா படும் பாடுதான் கதை. நம் வீடுகளில் கேட்காத பேச்சா இது? படம் மாபெரும் வெற்றி பெற்றது. மனமின்றி எடுத்த படமாயினும் அதில் அலட்சியம் இல்லை என்பதே என் எண்ணம். அக்கா தங்கையரின் பொறாமையும் பாசமும் அத்தனை இயல்பாக வந்துள்ளன.

ஆயினும் அந்த வெற்றி பெர்ஃபினியை நீண்டகாலம் தாங்கவில்லை. 1962இல் நஹ்ழத்துல் உலமா இயக்கத்தின் கலைப் பிரிவான ‘லெஸ்பூமி’யை அமைப்பதில் முன்னின்றார். கலைக்கும் மார்க்கத்துக்கும் பகையில்லை என்ற நம்பிக்கை அவருடையது. இடதுசாரிக் கலைஞர்களின் கடும் எதிர்ப்பை அதற்காகச் சந்தித்தார். பின்னர் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1971 ஜனவரி 2ஆம் திகதி, ஐம்பது வயதை எட்டுமுன்பே வபாத்தானார்.

படச்சுருள்கள் பெட்டிகளுக்குள் பழுதடைந்துகொண்டிருந்தன. ‘ஊரடங்குக்குப் பின்’ சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் முயற்சியால் இத்தாலியில் செப்பனிடப்பட்டு, 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. 2021இல் அரசு அவரைத் தேசிய வீரராக அறிவித்தது. ‘தீகா தாரா’வும் புதுப்பிக்கப்பட்டு 2016இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டில் நியா தினாத்தா என்ற பெண் இயக்குநர், அந்தப் படத்தின் தூண்டுதலில், இன்றைய மூன்று சகோதரிகளின் கதையைப் புதிதாகப் படமாக்கினார்.