ஒரு சிலிங் தந்த விஞ்ஞானி: மைக்கேல் பரடே



உப்பு நீரில் மின்னைச் செலுத்தினால் நிகழ்வதைப் பள்ளிக்கூடத்தில் கற்றிருப்பீர்கள். அதற்குரிய விதிகளைக் கண்டவர், பள்ளிக் கல்வி முறையாக வாய்க்காத ஒருவர்.

மைக்கேல் பரடே 1791 செப்டெம்பர் 22ஆம் நாள் இலண்டனுக்கு அண்மையில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். தந்தையார் நோயாளி, வீட்டிலோ வறுமை. எழுத்து, வாசிப்பு, சிறிது கணக்கு என்பவற்றோடு படிப்பு நின்றது. பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் தொழில் பழகச் சென்றார். கட்ட வந்த நூல்களை வாசித்தே விஞ்ஞானத்தில் நாட்டங்கொண்டார். மாலை நேர விஞ்ஞான விரிவுரைக்குக் கட்டணம் ஒரு சிலிங். அதனைக் கொடுத்துதவியவர், கொல்லுத் தொழில் செய்த தமையனார் றொபேட்.

1812இல் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்ட பரடே, குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே அவருடைய உதவியாளரானார்.

செலுத்தப்படும் மின்னின் அளவுக்கு நேர்விகிதசமனாகவே மின்பகுப்பில் பொருள் வெளிப்படும் என்பதைப் பரடே 1830களில் நிறுவினார். செறிந்த உப்புக் கரைசலில் குளோரைட்டு அயன்கள் நேர்மின்வாயில் இலத்திரன்களை இழந்து குளோரீன் வாயுவாகும். எதிர்மின்வாயில் சோடியம் படிவதில்லை. நீரே இலத்திரன்களைப் பெற்று ஐதரசனை விடுவிக்கும். கரைசலில் எரிசோடா எஞ்சும். போர் வந்து மூடும்வரை நம் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் எரிசோடாவும் குளோரீனும் கிடைத்தது இம்முறையாலேயே என்பதைப் பெற்றோர் அறிவர்.

புதிய கருத்துகளுக்குப் புதிய சொற்கள் வேண்டியிருந்தன. கிரேக்கம் கல்லாத பரடே, அறிஞர் வில்லியம் ஹியூவெலிடம் கேட்டறிய நாணவில்லை. அனோட்டு, கதோட்டு, அயன் என்னும் சொற்கள் 1834இல் இவ்வாறே வழக்குக்கு வந்தன. அயன் என்றால் செல்வது என்று பொருள். அனோட்டையும் கதோட்டையும் நாம் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என அழகு தமிழில் வழங்குகின்றோம்.

புகழ் வந்தபின்னும் பரடே எளிமையாகவே வாழ்ந்தார். சேர் பட்டத்தை ஏற்க மறுத்தார். இளையோருக்கான நத்தார் விரிவுரைகளைப் பல ஆண்டுகள் நிகழ்த்தினார். 1867 ஓகஸ்ட் 25ஆம் நாள் மறைந்தார்.

செல்வங்களே, வார இறுதியில் தமிழ் வகுப்புக்கு வரச் சோம்பல் தோன்றும்போது, தம்பியின் படிப்புக்காகத் தமையன் உழைத்துக் கொடுத்த அந்த ஒரு சிலிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காகவும் வீட்டில் ஒருவர் அதனைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.