தெருவில் நடந்தே திட்டம் போட்டவர்

மலர்க்குழு நண்பர் கட்டுரை கேட்டதும், நம்ம சிவில் பிரிவுத் தம்பி தங்கைகளுக்கு ஒருவரை அறிமுகப்படுத்தலாமே என்று தோன்றியது. நான் படித்தபோது நகரமைப்புப் பாடத்தில் அவர் பெயர் ஒரே வரியில் முடிந்துவிட்டது. பாட்ரிக் கெடிஸ்.

1854-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எஞ்சினியர் அல்ல; உயிரியல் படித்தவர், அதுவும் ஹக்ஸ்லியிடம். 1879-இல் மெக்சிகோ போன இடத்தில் சில காலம் கண் தெரியாமல் போயிற்று. மைக்ராஸ்கோப் வேலைக்குக் கண் ஒத்துழைக்காததால், கவனம் மெல்ல மனிதர்கள் வாழும் ஊர்களின் பக்கம் திரும்பியது. 1886-இல் ஆனா மார்ட்டனை மணந்தவுடன் குடிபோன இடம் எது தெரியுமா? எடின்பரோ பழைய நகரில், வசதிக்காரர்கள் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன நெரிசலான ஜேம்ஸ் கோர்ட். அங்கே அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு கூட்டிப் பெருக்கினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், ஜன்னலில் பூச்செடி வைத்தார்கள். பிறகுதான் கட்டடங்களைப் பழுது பார்க்கும் பெரிய வேலை.

1914-இல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு, நகரமைப்புக் கண்காட்சியோடு வரும்படி அவரை அழைத்தார். வரைபடங்களை ஏற்றி வந்த 'கிளான் கிராண்ட்' கப்பலை, அந்தச் செப்டம்பரில் சென்னை மீது குண்டு போட்டதே, அதே எம்டன் அக்டோபரில் மூழ்கடித்துவிட்டது! மனுஷன் அசரவில்லை. இங்கிலாந்து நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தேவிட்டது.

பிறகு மதுரை, தஞ்சாவூர் என்று ஊர் ஊராக நடந்தார். நடந்தார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய அதிகாரிகளுக்குச் சுகாதாரம் என்றால் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோடு போடுவது, கோட்டில் அகப்பட்ட வீடுகளை இடிப்பது. இடிபட்டவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். கெடிஸ் சந்து சந்தாக நுழைந்து, எந்த வீடு உண்மையிலேயே விழப்போகிறது, எந்தத் திண்ணையில் ஜனங்கள் கூடுகிறார்கள் என்று பார்த்தார். பாழான நாலைந்து வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரம் நட்டு, கிணற்றைச் சரிசெய்தால் போதும் என்றார். காலை வெட்டாமலே காப்பாற்றும் அறுவைச் சிகிச்சை மாதிரி. கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்க்க வேண்டாம், மீனும் வாத்தும் விடுங்கள் என்று சொன்னவரும் இவர்தான். செலவும் வெகுவாகக் குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

அவர் வாழ்க்கையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தோர் கதை. 1917-இல் பிளேக் பயத்தில் ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. தெருவில் நடந்த கெடிஸைப் பார்த்து, வீட்டை இடிக்க வந்தவர் என்று ஜனங்கள் மிரண்டார்கள். அவர் மகாராஜாவிடம் ஒரு நாள் அதிகாரம் கேட்டு வாங்கினார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது, எந்தப் பகுதி சுத்தமாக இருக்கிறதோ அந்த வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். அவ்வளவுதான், குப்பை வண்டி வண்டியாகப் போயிற்று. ஊர்வலத்தில் வெள்ளை உடுப்போடு துப்புரவுத் தொழிலாளர்களும் மரியாதையாக நடந்தார்கள். கடைசியில் பிளேக் அரக்கனின் உருவத்தைக் கொளுத்தினார்கள்.

மகாராஜா தயவு இல்லாமல் இது நடந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜனங்கள் சுத்தம் செய்தார்கள். திட்டம் எழுதியது அவர். இருந்தாலும் முதலில் அவர்களுடைய பயத்தைப் போக்கினாரே! கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களை நம் காலத்தில் ஏற்றி அனுப்பினோமே, அப்போது வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எத்தனை பஸ் மாற வேண்டும் என்று அந்தக் குடும்பங்களை உட்கார வைத்து யார் கேட்டார்கள்?

அந்த 1917-இலேயே மூத்த மகன் அலஸ்டேர் போர்முனையில் மாண்டார். சில வாரங்களில் ஆனாவும் இந்தியாவிலேயே நோயில் இறந்தார். அந்தத் துக்கத்தோடுதான் இந்தோர் அறிக்கையை இரண்டு தொகுதிகளாக எழுதி 1918-இல் முடித்தார். 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர், 1920-இல் ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாறு, 1925-இல் டெல் அவிவ் நகரத் திட்டம். 1932-இல் சர் பட்டம் வந்தது. அதே ஏப்ரலில் பிரான்சின் மான்ட்பெலியேயில் காலமானார்.

இந்திய ஊர்களைப் பற்றிய அவருடைய அறிக்கைகளிலிருந்து தொகுத்த புத்தகம் ஒன்று 1947-இல் வந்தது. இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகள் அதில் தஞ்சாவூர்ப் பகுதியைப் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சைக் கோட்டைப் பக்கத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஸ்கேல் வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும்.