காயம் ஆறிய பின்னர்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கைவிளக்கேந்திய காரிகையாகப் பாடசாலை நாட்களிலேயே அறிந்திருப்பீர்கள். இராக்காலத்தில் நோயாளரின் கட்டில்களுக்கிடையே அவர் நடந்த காட்சி நம் மனதை விட்டகலாதது. ஆனால் அக்கட்டில்களிலிருந்து எழுந்தவர்களுக்காக அவர் செய்ததைப் பலர் அறியார்.

1820 மே 12ஆம் திகதி, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1837 பெப்ரவரி 7ஆம் திகதி, தமது 16ஆவது வயதில், தேவன் தம்மை ஊழியத்திற்கு அழைப்பதாக உணர்ந்தார். எந்த ஊழியம் என்பது அப்போது விளங்கவில்லை. தாதித் தொழில் இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. வீட்டாரின் எதிர்ப்பைக் கடந்து ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த் நகரில் அவர் பயிற்சி பெற்றது 1851இலேயே. பதினான்கு ஆண்டுகள் காத்திருப்பது இலகுவா, சொல்லுங்கள்!

கிரைமிய யுத்தத்தின்போது, 38 பெண்களுடன் 1854 நவம்பர் 4ஆம் திகதி துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். அந்த முதற் குளிர்காலத்தில் 4,000இற்கும் அதிகமான வீரர்கள் அங்கே மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றவை குண்டுகளல்ல, நோய்களே. கட்டடத்தின் கீழே கழிவுக் கான்கள் அடைபட்டுக் கிடந்தன. 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு அவற்றைத் துப்புரவாக்கிய பின்னரே மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அன்பான பராமரிப்பு மாத்திரம் போதாது என்பதைப் பிற்காலத்தில் அம்மையாரே புள்ளிவிபரங்களை ஆராய்ந்து கண்டுகொண்டார்.

இனிப் பிழைத்தவர்களைப் பாருங்கள். உடல் தேறிவந்த வீரருக்குச் செய்வதற்கு எதுவுமில்லை. அருகிலோ மதுக்கடைகள். சம்பளம் அங்கே கரைந்தது. சாவுக்குத் தப்பியவன் மதுவில் அழிந்தான். சிப்பாய் என்றால் குடிகாரன், அவனுக்குப் படிப்பெதற்கு என்பதே அதிகாரிகள் பலரின் எண்ணம். நல்ல சமாரியனோ காயங்களைக் கட்டியதோடு நின்றுவிடாமல், அம்மனிதன் தேறும்வரை பராமரிக்கச் சத்திரக்காரனிடம் பணமும் கொடுத்தானல்லவா?

அம்மையார் வாசிப்பறைகளைத் திறந்தார். புத்தகங்கள், எழுதுதாள்கள், விளையாட்டுப் பொருட்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். எழுத்தறியாதோருக்கு ஆசிரியர்களைத் தேடிக் கொடுத்தார். 1855இல் மதுவற்ற கோப்பிக்கடையொன்றும் உருவானது. வீட்டிற்குப் பணம் அனுப்ப நம்பகமான வழியின்றி வீரர் தவிப்பதை அறிந்து, வாரத்தில் ஒரு பிற்பகல் தமது அறையில் அமர்ந்து அதனைத் தாமே பெற்று அனுப்பினார். மாதந்தோறும் சுமார் 1,000 பவுண் சேர்ந்தது! சிப்பாய் வீட்டிற்குப் பணம் அனுப்புவான் என்று யுத்த அமைச்சர் நம்பவில்லை. ஆயினும் அரசாங்கம் காசுக்கட்டளை அலுவலகங்களைத் திறந்தபோது, ஆறு மாதங்களுக்குள் 71,000 பவுண் தாயகம் சென்றது. எத்தனை தாய்மாரின் அடுப்பு அதனால் எரிந்திருக்கும்!

1855 மே மாதத்தில் தம்மைப் பீடித்த காய்ச்சலின் பின்னர் அவர் முழுச் சுகம் பெறவேயில்லை. எனினும் 1860இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பாடசாலை எழும்பியது. 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 90ஆவது வயதில் மரித்தார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யும் வாய்ப்பைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெலோ கிராமத்துத் தேவாலய வளவிற்கு அவரது பெட்டியைச் சுமந்து சென்றவர்கள் ஆறு இராணுவ வீரர்கள்.